கீழப் பக்கம்

அளவில் எள்ளளவும் பிசகாத ஒரு படம் பொய் சொல்ல முடியுமா? சிவதாணுவோடு பல வருஷம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்த ஜெபமலருக்கு இப்படியொரு கேள்வி வரும் என்றே தோன்றியிருக்காது. அளவு சரியென்றால் படம் சரி. படம் சரியென்றால் அதைப் போட்டவனும் சரி. அந்தக் கடையில் அதுதான் வேதம். வேதத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவள் அங்கேதான் வேலை பார்த்தாள். ஆகவே இதில் யாரையும் குற்றம் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

கடை வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பின்சந்தில், இரண்டு ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே இருந்தது. சிவதாணு நாகர்கோவிலில் ஐ.டி.ஐ. படித்த டிராஃப்ட்ஸ்மேன். திருவனந்தபுரத்துக்கு வந்தது வீட்டு பிளான் போட்டுக் கார்ப்பரேஷன் அனுமதிக்குக் கொடுக்க. அந்த வேலை கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் கைக்குப் போனபோது, விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் வந்து, ஒரு முக்கில் பஸ் எப்படித் திரும்பியது என்று பெரிதாக வரைந்து தரக் கேட்டார். சிவதாணு அந்த முக்கில் இருந்த எல்லாவற்றையும் வரைந்தார். மின்கம்பம், தட்டுக்கடை, வாகை மரம், மரத்தடியில் நின்ற ஆட்டோக்கள். அழகான படம். கோர்ட்டில் போய் உட்கார்ந்து பார்த்தபோது ஜட்ஜின் கண் வாகை மரத்தில் போய் நின்றது. பஸ்ஸுக்கு வரவே இல்லை. வழக்கு தோற்றது.

"நம்ம தொழில் வரையுறது இல்லை ஜெபா, நீக்குறது" என்று அவர் அடிக்கடி சொல்வார். வாகை மரத்திடம் கற்ற பாடம். ஒரு போர்டுக்கு ஒரே ஒரு விஷயம். சிவப்பு நிறம் ஒரே ஓர் இடத்தில். வெள்ளெழுத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் படிக்கும்படி எழுத்து. கோர்ட்டில் புரொஜெக்டர் என்றைக்கு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்பதால் சாலைக் கடைத்தெருவில் கனமான ஃபோம் போர்டு வாங்கிவந்து அதில் ஒட்டுவார்கள். கம்ப்யூட்டர் வேலை ஜெபமலருக்கு. பாறசாலையிலிருந்து காலை ரயிலில் வருவாள். போர்டு முடிந்ததும் அவளைத் தெருவின் மறுபக்கம் போய் நிற்கச் சொல்லி, கண்ணை மூடித் திறக்கச் சொல்வார். முதலில் என்ன தெரிந்தது? அவள் சொல்லும் பதில் வக்கீலுக்கு வேண்டிய பதிலாக இருந்தால் வேலை முடிந்தது.

சிவதாணு நல்லவரா என்று கேட்டால், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்ற அளவில் நல்லவர். அது பெரிய அளவு அல்ல. ஒரு சென்டிமீட்டரைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். ஒருமுறை ஒரு வக்கீல் சாலையின் அகலத்தை "கொஞ்சம் தாராளமா"ப் போடச் சொன்னபோது, "தாராளமா நீங்க பேசுங்க சார், ரோடு உள்ளபடிதான் இருக்கும்" என்று படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பியவர். அந்தக் கதை கோர்ட் வராந்தாவில் சுற்றி அவருக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. சிவதாணு போர்டு என்றால் எதிர்க்கட்சி வக்கீல்கூட அளவைக் கேள்வி கேட்க மாட்டார்.

கழக்கூட்டத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடித்தளக் குழி தோண்டியபோது மண் சரிந்து வீரபாண்டி என்ற தொழிலாளி செத்துப்போனார். தென்காசிப் பக்கத்து ஆள். அவர் மனைவி மாடம்மாளும் அங்கேயே மேட்டில் கம்பி சுமக்கிற வேலையில் இருந்தாள். அலட்சியத்தால் மரணம் என்று மேஸ்திரி ரதீஷ் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. ரதீஷுக்கு அஸ்வதி என்ற பெண் வக்கீல். அவள்தான் சிவதாணுவை அமர்த்தினாள்.

வழக்கு இவ்வளவுதான். குழியின் கிழக்குக் கரை விளிம்பில் தோண்டிய மண்ணைக் குவித்திருந்தார்கள். மழையில் கரை வெடித்து நின்று, அதுதான் அவர் மேல் சரிந்தது. மேற்கு ஓரத்தில்தான் அன்று வேலை. ரதீஷ் சொன்னது: "எல்லாரையும் குழியில இறங்கச் சொன்னேன், அது என் வேலை. கிழக்குக் கரைக்குப் போகச் சொல்லல. அவர் தானாப் போனார்." ஏவிப் போனாரா, தானாகப் போனாரா என்பதுதான் கேள்வி. மேஸ்திரி சொன்னதைக் காதால் கேட்டவள் மாடம்மாள் ஒருத்தி.

அவள் சாட்சி சொன்ன அன்று சிவதாணுவும் ஜெபமலரும் பின்பெஞ்சில் இருந்தார்கள். படம் போடும் முன் மஜிஸ்திரேட் எப்படிப் பார்க்கிறார், எதை எழுதிக்கொள்கிறார் என்று நோட்டம் பார்ப்பது அவர் வழக்கம். மாடம்மாளுக்கு மொழிபெயர்க்க யாரும் இல்லை. பெங்காலியோ ஒடியாவோ பேசியிருந்தால் துபாஷி வந்திருப்பார். இது தமிழ், திருவனந்தபுரத்தில் தமிழ் யாருக்குப் புரியாது?

"காலைல மேஸ்திரி இவரப் பாத்து, நீ கீழப் பக்கம் போன்னு சொன்னாரு. நான் காதால கேட்டேன்" என்றாள் மாடம்மாள்.

தாழெப் போகச் சொன்னார், அதாவது அடியில் இறங்கச் சொன்னார், என்று மலையாளத்தில் பதிவானது. போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அரசு வக்கீல் அடுத்த வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிவதாணுவின் பென்சில் மட்டும் நின்றுவிட்டதை ஜெபமலர் பார்த்தாள்.

வெளியே டீக்கடையில் கேட்டாள். "என்னண்ணே, பாதியில நிறுத்திட்டிய?"

"அந்தப் பொம்பளை சொன்னது தாழெ இல்லை."

"கீழன்னா தாழெதான?"

"நமக்கு. எங்க அம்மை பிறந்தது அம்பாசமுத்திரம். அங்க கீழப் பக்கம்னா கிழக்குப் பக்கம். கீழத்தெரு, மேலத்தெரு கேட்டிருக்கல்லா?"

"அது நம்ம ஊர்லயும் உண்டே."

"தெருப் பேர்ல உண்டு. மலையாளம் பேசிப் பேசி வாயிலிருந்து போச்சு."

ஜெபமலர் கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப கிழக்குக் கரைக்குப் போன்னு ரதீஷ் சொன்னதை அவங்க சொல்லிட்டாங்க."

"சொல்லிட்டாங்க. கேக்கத்தான் ஆளில்ல."

அதே நேரத்தில் மாடம்மாள் அதே கடைக்கு வந்ததை விதி என்று சொல்ல வேண்டாம். அந்தச் சந்தில் டீக்கடை ஒன்றுதான். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம பேச்சால்லா பேசுதிய. எந்தூரு ஐயா?"

"நாகர்கோவில்" என்றார் சிவதாணு.

"உள்ள உக்காந்திருந்தியளே, பாத்தேன். நான் சொன்னத ஒழுங்கா எழுதியிருப்பாவளா? அந்த ஜட்ஜம்மா மொகத்தப் பாத்தா ஒண்ணும் பிடிபடல."

சிவதாணு டீயைக் குடித்து முடித்தார். "எழுதியிருக்காங்க" என்றார்.

"அது போதும். எங்க கொழுந்தன்மாரு ஊரெல்லாம் சொல்லுதாவ, தண்ணியப் போட்டுட்டுத் தானாப் போயி மண்ணுல விழுந்தாருன்னு. அவரு சொன்ன எடத்துல நிக்க மனுசன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் ஐயா. ஏவித்தான் போனாருன்னு எழுத்துல வரணும். அதக் கொண்டுபோயி அவுஹ முன்னால வாசிச்சுக் காட்டணும்."

எழுதியிருக்காங்க என்பதில் பொய் எதுவும் இல்லை. எழுதித்தான் இருந்தார்கள். சிவதாணுவின் வாயிலிருந்து அளவு தவறிய வார்த்தை வந்து ஜெபமலர் கேட்டதில்லை, அன்றும் வரவில்லை. தாங்கள் எந்தக் கட்சிக்கு வேலை செய்கிறோம் என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. ஜெபமலரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே அவர் அஸ்வதியின் ஆபீசுக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெபமலர் கூடப் போனாள். கீழப் பக்கம் என்றால் என்ன என்று அவர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அஸ்வதி கெட்டிக்காரி, மூன்றாவது வாக்கியம் தேவைப்படவில்லை.

"சேட்டன் இதை வேற யார்கிட்டயாவது பறஞ்சோ?"

"இல்லை மேடம்."

அவள் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "பாருங்க சேட்டா. அவங்களுக்கு அரசு வக்கீல் இருக்காரு. அது என்ன வார்த்தைன்னு கேக்க வேண்டியது அவரு. ரதீஷுக்கு வீட்டுல ரெண்டு பிள்ளை உண்டு, அவனுக்கு நான் ஒருத்திதான். நானே எழுந்து என் கட்சிக்காரனுக்கு எதிரா அகராதி வாசிக்கணுமா?"

இதற்குப் பதில் இருக்கிறதா என்று ஜெபமலர் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறாள். அஸ்வதி சொன்னதில் தவறு எங்கே என்று விரல் வைக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக நின்றால் நியாயம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கட்டடம் முழுவதும் நிற்கிறது. ஒருவர் தூங்கினால் என்ன செய்வது என்று அதில் எங்கும் எழுதவில்லை.

"பிளான் வேண்டாம்" என்றாள் அஸ்வதி. "செக்‌ஷன் மட்டும் மதி. ஏணி, இறங்குற வழி, வேலை செய்யுற தளம். அது தெரிஞ்சாப் போதும்."

பிளான் என்பது மேலிருந்து பார்ப்பது. அதில் நான்கு திசையும் உண்டு. செக்‌ஷன் என்பது குழியைக் கத்தியால் வெட்டி ஓரத்தில் நின்று பார்ப்பது. தெற்கு வடக்காக வெட்டி, மேற்கு முகமாகப் பார்த்தால், வேலை நடந்த இடமும் ஏணியும் துல்லியமாகத் தெரியும். கிழக்குக் கரை பார்க்கிறவனின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் படத்தில் மேலே உண்டு, தாழெ உண்டு. கிழக்கு கிடையாது.

அதைத்தான் வரைந்தார். அவர் போட்டவற்றிலேயே மிகச் சுத்தமான படம் அது என்று இன்றும் சொல்கிறார்கள். மண் பழுப்பு, காங்கிரீட் சாம்பல், ஏணி மட்டும் சிவப்பு. நிறங்களை நிரப்பியது ஜெபமலர்.

"நீக்குறதுன்னா இதையுமாண்ணே நீக்குறது?" என்றாள் மவுஸைப் பிடித்தபடியே.

"சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சுல்லா."

"யார்கிட்டச் சொன்னிய? கள்ளன்கிட்டப் போயி, வீடு தொறந்து கெடக்குன்னு சொன்ன மாதிரி."

அவர் சிரித்தார். "கள்ளன் இல்லைட்டீ. வக்கீல்."

"வித்தியாசம் இருந்தா நீங்களே சொல்லுங்க."

"இந்தப் படத்துல தப்பா ஒரு கோடு காட்டு. அழிச்சிருதேன்."

அவள் தேடினாள். உண்மையிலேயே தேடினாள், திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி. தப்பான கோடு ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் போர்டு ஒட்டி முடிந்ததும் வழக்கம்போல் தெருவைக் கடந்து நின்று கண்ணை மூடித் திறந்தாள். "ஏணி" என்றாள். வேலை முடிந்தது.

குறுக்கு விசாரணை அன்று மாடம்மாள் புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். சாட்சிக்கூண்டின் பக்கத்தில் ஸ்டாண்டில் போர்டு நின்றது. பின்பெஞ்சில் சிவதாணுவைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு சின்னத் தெளிவு வந்தது. நம்ம ஊர்க்காரர் இருக்கிறார்.

"மேஸ்திரி கீழப் போகச் சொன்னார். அதானே சொன்னீங்க?" என்று அஸ்வதி தமிழிலேயே கேட்டாள்.

"ஆமாம்மா. கீழப் பக்கம்."

"இந்தப் படத்தைப் பாருங்க. இது அந்தக் குழி. இதுல கீழ எதுன்னு காட்ட முடியுமா?"

மாடம்மாள் பார்த்தாள். அவள் விரல் ஏணியின் மேல் போயிற்று, குழியின் தரைக்குப் போயிற்று, படத்தின் வலது ஓரத்துக்குப் போயிற்று, ஓரத்தைத் தாண்டிக் காற்றில் நின்றது. பிறகு அவள் மஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னாள்: "இதுல கீழப் பக்கம் இல்லையே."

ஹாலில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மஜிஸ்திரேட் அம்மாவும் புன்னகைத்தார். அன்பான புன்னகைதான். படிப்பறிவு இல்லாத பெண்ணுக்குப் படம் பார்த்துப் பழக்கம் இருக்காது. "உண்டல்லோ. இதா" என்று தன் பேனாவை நீட்டிக் குழியின் தரையைக் காட்டினார். "இது தாழெ. இது மேலெ. மனசிலாயோ?"

மாடம்மாள் பேனாவைப் பார்த்தாள். திரும்பிப் பின்பெஞ்சைப் பார்த்தாள். சிவதாணு தன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு மூலை ஒட்டாமல் எழும்பியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. ஜெபமலர் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் அசையவில்லை. அவளும் எழுந்து நின்றுவிடவில்லை. பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து பேசினால் வெளியே அனுப்புவார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கும். அவ்வளவாவது நடந்திருக்கும்.

"ஆமாங்க" என்றாள் மாடம்மாள். அப்படியே பதிவானது.

ரதீஷ் விடுதலையானான். இறந்தவர் யாரும் ஏவாமல், தன்னிச்சையாக ஆபத்தான கரைக்குப் போனார் என்று தீர்ப்பில் வந்தது. எழுத்தில் வரவேண்டும் என்று மாடம்மாள் ஆசைப்பட்டது எழுத்தில் வந்தது, தலைகீழாக. வராந்தாவில் வக்கீல்கள் சிவதாணுவின் கையைக் குலுக்கினார்கள். "ஒரு ஏணியை வச்சு ஒரு கேஸையே ஏத்திட்டீங்க" என்றார் ஒருவர். அந்த வாரம் மூன்று புது வேலை வந்தது.

ஜெபமலர்தான் கோர்ட் வாசலில் மாடம்மாளைப் பிடித்து நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். நடந்து முடிந்த பிறகு சொல்வதற்குப் பெரிய தைரியம் வேண்டியதில்லை. வார்த்தையைச் சொன்னாள், படத்தைச் சொன்னாள், தாங்கள் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மாடம்மாள் அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"கீழன்னா கீழதானம்மா" என்றாள். "சூரியன் உதிக்க பக்கம். அது எப்படி ஒரு மனுசருக்கும் தெரியாமப் போவும்?"

"எங்க அண்ணனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட எழுதியிருக்குன்னாரு?" சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, "நல்ல மனுசன் மாதிரில்லா இருந்தாரு" என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

ஜெபமலர் அவளை இலவசச் சட்ட உதவி மையத்தில் கொண்டுபோய் விட்டாள். அங்கே கைலாஷ் என்ற இளம் வக்கீல் கட்டைப் படித்து, மேல்முறையீடு செய்யலாம் என்றார். ஆனால் வார்த்தை தவறாகப் பதிவானது என்று சத்தியம் செய்து சொல்ல ஆள் வேண்டும். அன்று கோர்ட்டில் நேரில் கேட்டவராக, அந்த வட்டாரப் பேச்சும் மலையாளமும் தெரிந்தவராக, குழியை அளந்தவராக இருந்தால் நல்லது. அப்படி இந்த ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். "மேல்கோர்ட் ஏத்துக்கலாம், ஏத்துக்காமலும் போகலாம்" என்றார் கைலாஷ். "ஆனா அவர் கையெழுத்து இல்லேன்னா தொடங்கவே வழியில்ல."

கைலாஷ் கடைக்கு வந்த அன்று மழை. ஜெபமலர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். சத்தியவாக்குமூலத்தைத் தயாராகக் கொண்டு வந்திருந்தார், இரண்டே பக்கம். விஷயத்தைக் கேட்டதும் சிவதாணு கோபப்படுவார் என்று நினைத்தாள். தன்னைப் பார்த்து ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தார்.

"கீழன்னு போட்டிருக்கிய. அவங்க சொன்னது கீழப் பக்கம். அந்தப் பக்கம்கிற வார்த்தை முக்கியம் சார். அது இல்லேன்னா உங்க வாதமே நிக்காது."

கைலாஷ் தலையாட்டினார்.

"போலீஸ் வாக்குமூலத்துலயும் இதே தப்பு இருக்கு. அதையும் சேருங்க. பிறகு, படத்துல கிழக்கு மறைக்கப்பட்டிருக்குன்னு எழுதியிருக்கிய. மறைக்கல. செக்‌ஷன் மேற்கு பாத்து வெட்டினது, கிழக்குக் கரை பார்க்கிறவன் முதுகுக்குப் பின்னால வரும், அதனால சாட்சிக்கு அந்த இடத்தைக் காட்ட வழியில்லாமப் போச்சு. அப்படி எழுதுங்க. மறைச்சதுன்னா எதிர்க்கட்சி ஒரே நிமிஷத்துல அடிச்சிரும்."

மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. அவர் சொல்லச் சொல்ல ஜெபமலர் தட்டச்சு செய்தாள். கரையின் சரிவு, விளிம்பிலிருந்து மண்குவியலின் தூரம், எல்லாம் தன் அளவுகளைப் பார்த்துச் சேர்த்தார். எந்தெந்த ஊர்களில் அந்தப் பேச்சு வழக்கு உண்டு என்று தாமிரபரணிக் கரையோரமாக ஊர் ஊராகச் சொன்னார். தன் தாயார் வயலுக்குப் போகும்போது எப்படிச் சொல்வார் என்பதைக்கூடச் சேர்த்துவிட்டு, அது சாட்சியத்துக்கு உதவாது என்று தானே அடித்தார். அச்சாகி வந்த தாளைப் படித்த கைலாஷ், "இதை நானே எழுதியிருந்தா ஒரு மாசம் ஆகியிருக்கும். இது போதும் சேட்டா, இது நிக்கும்" என்று பேனாவைத் திறந்து நீட்டினார்.

சிவதாணு மீண்டும் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தாள்களின் விளிம்பை மேசையில் தட்டி ஒழுங்கு பண்ணினார். பேனாவை வாங்கவில்லை. தாள்களைக் கைலாஷின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றார். "நான் கையெழுத்துப் போடல."

ஏன் என்று கைலாஷ் கேட்டார். மழை விடும்வரை காத்திருந்து திரும்பவும் கேட்டார். அவர் போன பிறகு ஜெபமலர் கேட்டாள்; அன்றும், அடுத்த மாதமும், மேல்முறையீடு தாக்கலாகாமலே காலக்கெடு முடிந்துபோன அன்றும். மாடம்மாள் ஒருத்திதான் கடைசிவரை அவரிடம் வந்து கேட்கவில்லை. கேட்ட யாருக்கும் சிவதாணு பதில் சொல்லவில்லை.